எடை குறைப்போர் இல்லத்தில் சர்க்கரை மாறாக் கோட்பாடு: ஒரு முதற்கட்ட ஆய்வு

கிழக்குத் தாம்பரத்தில் ஒரு டீக்கடை. காலை ஆறே முக்கால் மணி. நடைப்பயிற்சி முடித்த ஆய்வாளர், அதாவது நான், வியர்வை காயாமல் நிற்கிறேன்.

"மாஸ்டர், ஒரு டீ. சர்க்கரை வேண்டாம்."

மாஸ்டரின் கை அந்தரத்தில் நின்றது. "சார், சக்கரையா?"

"இல்ல, எனக்குச் சர்க்கரை இல்ல."

"அப்ப போட்டுரவா?"

"வேண்டாம். சர்க்கரை இல்ல. ஆனா சர்க்கரை வேண்டாம்."

"இருக்கா, இல்லையா சார்? ஒண்ணு சொல்லுங்க."

பக்கத்தில் வடையைப் பிட்டுக்கொண்டிருந்த பெரியவர் வழக்கைக் கையில் எடுத்தார். "அவருக்கு இன்னும் வரலப்பா. வந்துருமோன்னு பயப்படுறாரு. அரைச் சக்கரை போட்டுக் குடு."

தீர்ப்பு அமலாகி, அரைச் சர்க்கரை டீ என் கைக்கு வந்தது. இந்த ஆய்வின் விதை அந்த கிளாஸின் அடியில்தான் கரையாமல் கிடந்தது.

உப்பைக் குறைப்பவனை யாரும் "உப்பா?" என்று கேட்பதில்லை. எண்ணெயை விட்டவனிடம் "எண்ணெய் எத்தனை வருஷமா இருக்கு?" என்று துக்கம் விசாரிப்பதில்லை. பண்டத்துக்கும் நோய்க்கும் ஒரே பெயர் வைத்துக்கொண்டதால், தமிழில் சர்க்கரையை மறுப்பவன் நோயாளி. நோயில்லை என்றால் சர்க்கரை போட்டுக்கொள்ள வேண்டியவன். வெறுமனே எடை குறைக்க நினைப்பவனுக்கு இந்த இரண்டுக்கும் நடுவே நிற்க இடமில்லை. அவனை அங்கே நிற்க வைக்கத்தான் "அரைச் சர்க்கரை" என்ற அளவை உண்டாகியிருக்கிறது என்பது என் துணிபு.

ஆய்வுமுறையைச் சொல்லிவிடுகிறேன். மாதிரியின் அளவு ஒருவர்: வயது 46, எடை 84.2 கிலோ, வேட்டி மட்டும் கட்டிய நிலையில். கட்டுப்பாட்டுக் குழு: அவருடைய மனைவி. காலம் 90 நாள். தை முதல் தேதி தொடங்குவதாக இருந்தது. அன்று வீட்டில் சர்க்கரைப் பொங்கல் என்பதால் மூன்றாம் தேதிக்குத் தள்ளிப்போனது. கருவிகள்: சமையலறைத் தராசு ஒன்று, குளியலறை வாசலில் கிடக்கும் எடை இயந்திரம் ஒன்று, மளிகைக்கடைச் சிட்டைகள்.

முதலில் அரை என்றால் எவ்வளவு என்று அளந்தேன். கிளாஸில் போட வந்த சர்க்கரையைத் தாளில் கொட்டித் தரும்படி மாஸ்டரிடம் கேட்டபோது அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். மூன்று டீக்கும் காசு தருகிறேன் என்றதும் அறிவியலின் பக்கம் வந்துவிட்டார். மூன்று பொட்டலங்கள். வீட்டுக்கு வந்து நிறுத்ததில் "சாதா" 11 கிராம், "அரை" 8 கிராம், "ரொம்பக் கம்மி" 7 கிராம்.

இதில் மாஸ்டர் மேல் பிழை சொல்ல முடியாது. அவர் கையைக் கூர்ந்து பார்த்தவர்களுக்குத் தெரியும்: ஸ்பூனை அவர் ஒருபோதும் அரையாக அள்ளுவதில்லை. எப்போதும்போல் குவித்துத்தான் அள்ளுகிறார். பிறகு டப்பாவின் விளிம்பில் ஒரு தட்டு. அந்தத் தட்டில் உதிர்வதுதான் குறைப்பு. "ரொம்பக் கம்மி" என்றால் இரண்டு தட்டு. தட்டும் சத்தம் தெருவுக்கே கேட்கும். உதிர்வது எறும்புக்குத்தான் தெரியும். கேட்டவனுக்கு மனநிறைவு, குடிப்பவனுக்கு ருசி, இரண்டையும் ஒரே கையசைவில் கொடுக்கிற தொழில்நுட்பம் இது.

ஜெனீவாவில் இருக்கும் உலக சுகாதார நிறுவனம் 2015இல் ஒரு வழிகாட்டுதல் வெளியிட்டது. நாள் முழுக்கச் சாப்பிடும் கலோரியில் சேர்மானச் சர்க்கரையின் பங்கு பத்து சதவீதத்துக்குள் இருக்க வேண்டும், ஐந்துக்குள் இருந்தால் இன்னும் நல்லது. 2,000 கலோரி சாப்பிடுகிறவருக்கு இது முறையே 50 கிராம், 25 கிராம். மூன்று அரைச் சர்க்கரை டீக்கு 24 கிராம். காலை பதினொரு மணிக்கெல்லாம் நான் ஜெனீவாவின் எல்லைக்கோட்டில் ஒரு கிராம் பாக்கியோடு நிற்கிறேன். சாயங்காலம் நாலு மணிக்கு எங்கள் அலுவலகத்தில் பிஸ்கட் வரும்.

எதிர்த்தரப்பு எவ்வளவு வலுவானது என்பதையும் பதிவுசெய்ய வேண்டும். அதியமானின் முன்னோர் கரும்பை இந்த நாட்டுக்குக் கொண்டுவந்ததாக ஔவையார் புறநானூற்றில் சொல்கிறார். கொண்டுவந்ததோடு விட்டோமா? 1912இல் கோயம்புத்தூரில் கரும்பு இனப்பெருக்க நிலையம் தொடங்கி, மண்ணுக்கு வளைந்துகொடுக்கும் காட்டு நாணலையும் சாறு மிகுந்த கரும்பையும் கலந்து, 1918இல் கோ 205 என்ற ரகத்தை வெளியிட்டோம். "கோ" என்றால் கோயம்புத்தூர். ஜானகி அம்மாள் போன்ற தாவரவியல் மேதைகள் அங்கே உட்கார்ந்து கரும்பின் மரபியலை ஆராய்ந்திருக்கிறார்கள். அரிசி வேண்டாம் என்று எழுதிக்கொடுத்தால் கூடுதல் சர்க்கரை தரும் "சர்க்கரை அட்டை" என்றே ஒரு ரகம் நம் ரேஷன் கார்டில் உண்டு. சோற்றை விட்டவன் எங்கே போவான் என்பது அரசாங்கத்துக்கு முன்பே தெரிந்திருக்கிறது. இத்தனைக்கும் எதிரே ஒரு தனிமனிதன், கையில் சமையலறைத் தராசு.

இனி ஆய்வின் மையப் பகுதி. எடை குறைக்கிறவன் வீட்டில் சர்க்கரை குறைவதில்லை, பெயர் மாற்றிக்கொள்கிறது. இதுவே சர்க்கரை மாறாக் கோட்பாடு.

பெயர் மாறுவதற்கு வசதியாகவே தமிழ் அமைந்திருக்கிறது. என் ஊர் கோவில்பட்டி. அங்கே வெள்ளையாக இருப்பது சீனி. சர்க்கரை என்றால் பழுப்பாக, வெல்லத்தின் உறவுக்காரனாக இருக்க வேண்டும். தஞ்சாவூர்ப் பக்கம் ஜீனி என்பார்கள். வட ஆர்க்காட்டுக்காரரான என் மாமியார் இன்றைக்கும் "அஸ்கா ஒரு கிலோ" என்றுதான் கடையில் கேட்பார். அஸ்கா என்பது ஒடிசாவின் கஞ்சம் மாவட்டத்தில் சர்க்கரை ஆலை இருந்த ஊர். 1936 வரை சென்னை மாகாணத்தைச் சேர்ந்தது. ஊர் கைவிட்டுப் போனது, பெயர் டப்பாவில் தங்கிவிட்டது. சர்க்கரைப் பொங்கலில் போடுவது வெல்லம். சர்க்கரைவள்ளிக் கிழங்கில் யாரும் எதையும் போடுவதில்லை. சமஸ்கிருத மூலத்தில் சர்க்கரா என்றால் சரளைக்கல், பருமணல். அதுதான் அரபு வழியாக ஐரோப்பா போய்ச் சுகர் ஆகித் திரும்பி வந்தது. இவ்வளவு பெயர்களில் நடமாடும் ஒரு ஆசாமியை "இனி வீட்டுக்குள் வராதே" என்று ஒரு பெயர் சொல்லித் தடுத்தால் என்ன ஆகும்?

ஆனது இதுதான். முதல் வாரம் வெள்ளைச் சர்க்கரையை நிறுத்தி நாட்டுச் சர்க்கரை வாங்கினேன். "இது உடம்புக்கு நல்லது" என்று எல்லோரும் சொன்னதால், அரை ஸ்பூன் போட்ட இடத்தில் நிம்மதியாக ஒன்றரை ஸ்பூன் போட்டேன். இரண்டாம் வாரம் அம்மா ஊரிலிருந்து வந்தாள். பையில் உடன்குடிக் கருப்பட்டி, கூடவே கடலைமிட்டாய். எங்கள் ஊர்க் கடலைமிட்டாய் 2020இல் புவிசார் குறியீடு பெற்றது. சொந்த ஊரின் சட்டப்படியான பெருமையைத் தின்னாமல் வைப்பது எந்த வகையில் நியாயம்? "சீனிதான்டா கெடுதி. கருப்பட்டி குளிர்ச்சி" என்றாள் அம்மா. நூறு கிராம் வெள்ளைச் சர்க்கரையில் ஏறக்குறைய 400 கலோரி, வெல்லத்தில் 380ஐ ஒட்டி. கொஞ்சம் இரும்பு முதலிய தாதுக்கள் இருப்பது உண்மை. அந்த இரும்புக்காகச் சாப்பிடுவதானால் முருங்கைக்கீரை இருக்கிறது. அம்மாவிடம் இதைச் சொல்லும் தைரியம் வரவில்லை.

மூன்றாம் வாரம் தேன். வெந்நீரில் எலுமிச்சை பிழிந்து ஒரு மேசைக்கரண்டித் தேன் விட்டு வெறும் வயிற்றில் குடித்தால் கொழுப்பு கரையும் என்று நடைப்பயிற்சி நண்பர்கள் மூன்று பேர் தனித்தனியாக, ஒரே வார்த்தைகளில் சொன்னார்கள். குடித்தேன். கொழுப்பு கரைந்ததாகத் தெரியவில்லை. தேன் நன்றாகக் கரைந்தது. ஒரு மேசைக்கரண்டித் தேனில் சுமார் 17 கிராம் சர்க்கரை. மூன்று டீயில் மாஸ்டர் தட்டி உதிர்த்து எனக்கு மிச்சப்படுத்தித் தந்தது 9 கிராம். ஜெனீவாக்காரர்கள் தேனையும் பழச்சாற்றையும் சேர்மானச் சர்க்கரையிலேதான் சேர்க்கிறார்கள். முழுப் பழத்தையும் பாலில் இயல்பாக இருக்கும் இனிப்பையும் மட்டும் விட்டுவைத்திருக்கிறார்கள். அந்தக் குறிப்பைப் படித்தபோது தேன் பாட்டில் பாதி காலியாகியிருந்தது.

செயற்கை இனிப்பு மாத்திரையையும் பார்க்காமலில்லை. 1879இல் ஃபால்பெர்க் என்ற வேதியியலாளர் ஆய்வகத்திலிருந்து கையைச் சரியாகக் கழுவாமல் வந்து ரொட்டியைக் கடிக்க, ரொட்டி தித்தித்ததாம்; அப்படிக் கிடைத்தது சாக்கரின். எடை குறைப்பதற்காக இந்த வகை இனிப்புகளை நம்ப வேண்டாம் என்று 2023இல் அதே உலக சுகாதார நிறுவனம் சொல்லிவிட்டது. ஏற்கெனவே சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கு அந்தப் பரிந்துரை பொருந்தாது. அதாவது அங்கேயும் முதல் கேள்வி "சக்கரையா சார்?" என்பதுதான்.

அடுத்து, பாதி பற்றிய கணிதம். பொதுயுகத்துக்கு முன் ஐந்தாம் நூற்றாண்டில் ஜீனோ என்றொரு கிரேக்கத் தத்துவவாதி இருந்தார். ஜீனிக்கும் அவருக்கும் தொடர்பில்லை என்றே இதுவரை நினைத்திருந்தேன். ஓர் இடத்தை அடைய முதலில் பாதித் தூரம் போக வேண்டும், பிறகு மீதியில் பாதி, பிறகு அதன் மீதியில் பாதி. ஆகவே யாரும் எங்கும் போய்ச் சேரவே முடியாது என்றார். மாசி மாதம் ஒரு சனிக்கிழமை, எதிர்வீட்டுப் புதுமனைப் புகுவிழாவிலிருந்து வந்த மைசூர்பாகு ஒரு துண்டு எங்கள் வீட்டில் இருந்தது. நாலு மணிக்குக் கத்தியால் சரிபாதியாக வெட்டி, பாதியை மட்டும் சாப்பிட்டேன். நாலு இருபதுக்கு மீதியில் பாதி. நாலே முக்காலுக்கு அதில் பாதி. கத்தியைத் திரும்பத் திரும்பக் கழுவுவது வீண் என்று டப்பாவுக்குள்ளேயே வைத்துவிட்டேன். ராத்திரி ஏழு மணிக்குக் கட்டுப்பாட்டுக் குழு ஃபிரிட்ஜைத் திறந்தது.

"ஏங்க, இந்தப் பருக்கையை எதுக்கு டப்பால வெச்சு மூடியிருக்கீங்க? இதுக்கு ஒரு கத்தி வேற."

"முழுசா சாப்பிடக் கூடாதுன்னுதான்."

ஜீனோ சரி. கடைசிவரை நான் ஒரு மைசூர்பாகைச் சாப்பிட்டு முடிக்கவேயில்லை.

பிரசாதம், அலுவலகத்தில் சக ஊழியர் மகளின் மதிப்பெண்ணுக்காக வரும் லட்டு, மருந்துக்குப் பின் வாய்க்கசப்பு போகப் போட்டுக்கொள்ளும் கல்கண்டு ஆகியவை சர்க்கரைக் கணக்கில் வருமா என்பது தனி ஆய்வுக்குரியது. நான் அவற்றைக் கணக்கில் எடுக்கவில்லை. எடை இயந்திரம் எடுத்துக்கொண்டதாகத் தெரிகிறது.

சித்திரை பிறந்த அந்த வாரத்தில் மளிகைக்கடைச் சிட்டைகளை விரித்துவைத்து உட்கார்ந்தோம். மார்கழிச் சிட்டை: சர்க்கரை 3 கிலோ. பங்குனிச் சிட்டை: சர்க்கரை 1 கிலோ, நாட்டுச் சர்க்கரை 1 கிலோ, கருப்பட்டி அரை கிலோ, தேன் அரை கிலோ. கூட்டலைக் கட்டுப்பாட்டுக் குழுவே போட்டது. மூன்று. தேனில் ஐந்தில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவாகத் தண்ணீர் உண்டு. அந்தச் சிறு பற்றாக்குறையை அலுவலக லட்டு ஈடுகட்டியிருக்கும்.

கோட்பாடு நிரூபணமாகிவிட்டதென்று பேனாவை மூடப்போனேன். அப்போதுதான் குழு இதுவரை வெளியிடாத ஒரு தரவைச் சொன்னது. பொங்கல் கழிந்ததிலிருந்து தன் மூன்று வேளைக் காபியிலும் யாருக்கும் தெரியாமல் ஒரு ஸ்பூன் குறைத்துவிட்டதாம். நாட்டுச் சர்க்கரைக்கு மாறவில்லை, வெந்நீரில் தேன் விடவில்லை, டீக்கடையில் யாரோடும் வாதாடவில்லை. ஒரு ஸ்பூன் 5 கிராம் என்று வைத்தால் நாளைக்கு 15 கிராம், 60 கலோரி. 90 நாளில் 5,400. ஒரு கிலோ உடல் கொழுப்புக்கு 7,700 கலோரி என்பது பொதுவாகப் போடும் உத்தேசக் கணக்கு. எடை இயந்திரத்தில் ஏறச் சொன்னேன். குழு 700 கிராம் குறைந்திருந்தது.

அப்படியானால் சிட்டையில் மாதம் 450 கிராம் குறைந்திருக்க வேண்டுமே, மொத்தம் அப்படியே மூன்று கிலோ நிற்கிறதே, அந்த மிச்சம் எங்கே போயிற்று என்று கேட்டேன். குழு பதில் சொல்லவில்லை. இறங்கி, எடை இயந்திரத்தைக் காலால் என் பக்கம் தள்ளியது. ஏறினேன், வேட்டி மட்டும் கட்டிய நிலையில்.

84.9.