அண்ணாச்சியின் இரைச்சல் வேட்டை

ராத்திரி எட்டரை மணிக்கு ஒருவர் உங்கள் வீட்டு மீட்டர் பெட்டியருகே, பழைய டிரான்சிஸ்டரைக் காதோடு ஒட்டிப் பிடித்துக்கொண்டு நின்றால் சத்தம் போட்டுவிடாதீர்கள். திருடன் இல்லை, ஹாம் ரேடியோக்காரர்; உரிமம் வாங்கிப் பொழுதுபோக்காக வானலையில் பேசுபவர். "தம்பி, வீட்டுல எந்த பல்பு புதுசு?" என்று கேட்பார். அவ்வளவுதான்.

ராஜபாளையத்தில் எங்கள் தெருவுக்கு வாய்த்தவர் இந்த அண்ணாச்சி. மொட்டை மாடியில் இரண்டு கம்பங்களுக்கு நடுவே இருபது மீட்டர் கம்பி. கீழே அறையில், துண்டு போர்த்திய ரிக், அதாவது பேசுகிற ரேடியோப் பெட்டி. அந்தத் துண்டு விலகிப் பல வருஷமாகிறது. கேட்டால், "பேண்டுல ஒரே நாய்ஸ்!" அலைவரிசை முழுக்க இரைச்சலாம்.

பொய் சொல்லவில்லை. எல்இடி பல்புக்குள் இருக்கும் சின்ன சர்க்யூட் மின்சாரத்தை நொடிக்குப் பல்லாயிரம் தடவை வெட்டித் தள்ளுகிறது. மலிவான பல்பில் வடிகட்டி இருக்காது. வெட்டிய குப்பையெல்லாம் ஒயர் வழியே கசிந்து, அவருடைய செல்லமான 7 மெகாஹெர்ட்ஸில் போய் விழுகிறது. செல்போன் சார்ஜர், இன்வெர்ட்டர், மாடி சோலார் எல்லாமே கூட்டாளிகள். எனவே வேட்டை. மீடியம் வேவில் ஸ்டேஷன் வராத இடமாகப் பார்த்து முள்ளை நிறுத்தி, வீடு வீடாக நடப்பார். 'கொர்ர்' என்று இரைந்தால் முகத்தில் அப்படியொரு வெளிச்சம். "மெயினை ஒரு தடவ ஆஃப் பண்ணுங்க." சீரியல் பார்த்துக்கொண்டிருக்கும் வீட்டில்! ராஜபாளையம் நாய் அந்நியரை அண்டவிடாது என்பார்கள். இவரைக் கண்டால் எங்கள் தெரு நாய்கள் தலையைக்கூடத் தூக்குவதில்லை.

இத்தனை வீட்டு மெயினை அணைத்தவர், தன் வீட்டுப் பூஜையறை சீரியல் பல்பை மட்டும் சோதித்ததே இல்லை. வீட்டுக்காரம்மாவிடம் பயம்.

இரைச்சல் அகப்படாத நாளில் பழி சூரியன் மேல். 2019-ல், "சூரியன்ல புள்ளியே இல்ல, அலை எப்படித் திரும்பும்?" என்றார். சூரியப் புள்ளிகளுக்குப் பதினோரு வருஷச் சுழற்சி, அதுவும் நிஜம்தான். 2024-ல் புள்ளிகள் உச்சத்துக்கு வந்தன. துண்டு விலகவில்லை. "இப்ப ரொம்பக் குதிக்குது, வெடிப்பு வந்தா பேண்டே செத்துரும்."

ஸ்ரீவில்லிபுத்தூரில் அவருக்கொரு கூட்டாளி உண்டு. பஸ் ஏறினால் அரை மணி நேரம். ஆனாலும் முன்பெல்லாம் தினமும் காலையில் அந்த 7 மெகாஹெர்ட்ஸில்தான் சந்திப்பு: உங்க சிக்னல் ஃபைவ் நைன் (பிரமாதம்), எங்க சிக்னல் ஃபைவ் நைன், செவன்டி த்ரீ (வாழ்த்துகள்). இப்போது அந்த ஃபைவ் நைனும் கிடையாது. ஆண்டாள் கோயில் கோபுரப் படத்தில் 'இனிய காலை வணக்கம்', வாட்ஸ்அப்பில்.

ஒரு கதையை மட்டும் அவர் சொல்லும்போது எனக்குக் கேலி வராது. 2004 டிசம்பரில் ஹாம் நிலையம் நடத்த போர்ட் பிளேர் போயிருந்த பாரதி பிரசாத் குழு, சுனாமி அடித்துத் தொலைபேசி செத்த நாட்களில், அந்தமானிலிருந்து உயிரோடிருப்பவர்களின் சேதியை அனுப்பிக்கொண்டிருந்தது. அதைச் சொல்லும்போது அண்ணாச்சியின் குரல் இறங்கிவிடும். அந்த மனிதர்தான் பல்பு எண்ணிக்கொண்டு திரிகிறார்.

எனக்கு நிஜமாகவே கோபம் வந்தது வேறொரு நாள். புதிதாக உரிமம் வாங்கிய இன்ஜினியரிங் கல்லூரிப் பையன் ஒருவன், தன் ரேடியோ அடையாளமான கால் சைனைக் காட்ட ஆசையாக வந்தான். உட்காரச் சொல்லுமுன் அண்ணாச்சி கேட்டார்: "மோர்ஸ் தெரியுமா?" தெரியாது. கீழ்நிலை உரிமத்துக்கு மோர்ஸ் தந்திக் குறி வேண்டாம் என்று அரசாங்கமே விட்டுவிட்டது, அண்ணாச்சி விடவில்லை. "அப்ப நீ ஹாமே இல்ல." பையன் காபியைக் குடித்துவிட்டுப் போனான், மறுபடி வரவில்லை. பேண்டில் பேச ஆளில்லை என்று அன்று சாயங்காலமே என்னிடம் புலம்பினார்.

இந்த ஹாம்களை ரேடியோவிலிருந்து விரட்டியது பல்பும் இல்லை, சூரியனும் இல்லை. பழைய ஆட்கள் ஒவ்வொருவராகப் போய்ச் சேர்ந்தார்கள், புதிய ஆளை இவர்களே வாசலோடு அனுப்பினார்கள். ரிக்கை உரிமம் இல்லாதவர் கையில் கொடுக்கவும் சட்டம் விடாது. அண்ணாச்சி, அந்தப் பையனின் நம்பர் என்னிடம் இருக்கிறது.