பதவியே இல்லாத அலுவலருக்கு ஒரு விண்ணப்பம்

பெறுநர்: உயர்திரு நாய்ப் பயிற்சி வகுப்பு அங்கீகார அலுவலர் அவர்கள் (பதவி இன்னும் உருவாக்கப்படவில்லை), தஞ்சாவூர்.

பொருள்: நாய்க்குப் பள்ளிக்கூடம் தேடுதல் – வழிகாட்டக் கோருதல் தொடர்பாக.

பார்வை: 1960ஆம் ஆண்டு விலங்கு வதைத் தடுப்புச் சட்டமும், அது ஈன்ற 2017, 2018, 2023 விதிகளும்.

ஐயா,

தாங்கள் இல்லாததால் மனு கொடுக்க வரிசையில் நிற்க வேண்டியதில்லை. அந்தத் தைரியத்தில் எழுதுகிறேன்.

நாய்க்குட்டியை ஈனவைத்து விற்பவர் 2017 விதிகளின்படி மாநில விலங்கு நல வாரியத்தில் பதிவு செய்ய வேண்டும். எட்டு வாரம் நிரம்பாத குட்டியை விற்கக் கூடாது. கடை போட்டு விற்றால் 2018 விதிகள். தெருநாய்க்குக் கருத்தடை செய்ய 2023 விதிகள். உச்ச நீதிமன்றம் 2025 ஆகஸ்ட் 11 அன்று டெல்லித் தெருநாய்களைப் பிடித்துக் காப்பகத்தில் அடைக்கச் சொன்னது. ஆகஸ்ட் 22 அன்று, வெறிநோயும் மூர்க்கமும் இல்லாதவற்றைக் கருத்தடை செய்து, ஊசி போட்டுப் பிடித்த இடத்திலேயே விடச் சொன்னது. நவம்பர் 7 அன்று பள்ளி, மருத்துவமனை, பேருந்து நிலையம், ரயில் நிலைய வளாகங்களில் தெருநாயே இருக்கக் கூடாது என்றது. நாயைச் சுற்றி இத்தனை காகிதம். நாய்க்குப் பாடம் நடத்துகிறேன் என்பவரிடம் மட்டும் ‘நீ என்ன படித்தாய்?’ என்று கேட்க ஒரு விதியும் இல்லை. ஒரு விசிட்டிங் கார்டு, ஒரு டிராக் பேண்ட், ஒரு சங்கிலி, தொழில் ஆரம்பம்.

என் நாயைச் சேர்ப்பதற்கு முன் ஒரு வகுப்பைப் பார்த்துவிடலாம் என்று போனேன். ஊர் பேர் வேண்டாம். லாப்ரடார் ஒன்றின் கழுத்தில், இழுத்தால் இறுகும் சுருக்குச் சங்கிலி. ‘உட்கார்’ என்று சொல்லி முடிப்பதற்குள் பயிற்சி மாஸ்டர் அதை வெட்டி இழுத்தார். சங்கிலி ‘சரக்’ என்றது, நாய் உட்கார்ந்தது. காது பின்னால் படிந்தது, வால் வயிற்றுக்கு அடியில் போயிற்று, மூக்கை நக்கிக்கொண்டே கொட்டாவி விட்டது. “பணிஞ்சிடுச்சு பாருங்க சார்!” என்றார். அது பணிவு இல்லை ஐயா, பயம். தூக்கம் வராத நாய் பாடத்துக்கு நடுவே கொட்டாவி விட்டால் அதற்கு என்ன அர்த்தம் என்று தெரியாதவர்தான் வாத்தியார்.

அடித்தால் கேட்பார் இல்லையா என்றால், உண்டு. 1960 சட்டத்தின் 11ஆம் பிரிவில், விலங்கை அடித்துத் தேவையில்லாமல் வதைத்தால் முதல் குற்றத்துக்குப் பத்து ரூபாயிலிருந்து ஐம்பது ரூபாய் வரை அபராதம். மாதக் கட்டணத்தோடு அதையும் சேர்த்து வாங்கிக்கொள்ளப் பயிற்சியாளர்களுக்கு ஆணையிடலாம். கணக்கு நேராக இருக்கும்.

மாஸ்டரின் தத்துவம் ஓநாயிலிருந்து வந்தது. கூட்டத்துக்கு ஒரு தலைவன் உண்டாம்; நாம்தான் அந்தத் தலைவன் என்று நாய்க்குக் காட்ட வேண்டுமாம்; அதனால் நாம் சாப்பிட்ட பிறகே அதற்குச் சோறு. சுவிட்சர்லாந்தின் பாசல் மிருகக்காட்சிச் சாலையில் அடைபட்டிருந்த ஓநாய்களைப் பார்த்து ருடால்ஃப் ஷெங்கல் 1947இல் எழுதியதிலிருந்து கிளம்பிய கதை இது. 1970இல் தன் புத்தகத்தால் அதைப் பரப்பிய டேவிட் மெக், காட்டு ஓநாய்க் கூட்டம் என்பது அப்பா, அம்மா, பிள்ளைகள் கொண்ட சாதாரணக் குடும்பம்தான் என்று 1999இல் எழுதிவிட்டார். அந்தச் சேதி இன்னும் வெண்ணாற்றைத் தாண்டி வரவில்லை. எங்கள் பக்கம் தலைமுறை தலைமுறையாக வீட்டில் எல்லோரும் சாப்பிட்டு எழுந்த பிறகுதான் நாய்க்குப் பழையது. அந்தத் தத்துவம் உண்மையானால் தஞ்சை மாவட்டத்து நாய்கள் அத்தனையும் இந்நேரம் பிரம்மரிஷி ஆகியிருக்க வேண்டும்.

அடுத்தது சேர்க்கை வயது. “ஆறு மாசம் ஆகட்டும் சார்” என்கிறார்கள். குட்டி உலகத்தைப் பயமில்லாமல் பழகிக்கொள்ளும் பருவம் பிறந்த மூன்றாவது வாரத்தில் தொடங்கி, பன்னிரண்டு பதினான்கு வாரத்தில் ஏறக்குறைய முடிந்துவிடுகிறது. எட்டு வாரத்துக்குமுன் விற்கக் கூடாது என்றால் வாங்கியவர் கையில் மிஞ்சுவது ஒன்றரை மாதம்கூட இல்லை. முதல் தடுப்பூசி போட்ட கையோடு அறுப்பு மிஷினையும் தவில் சத்தத்தையும் அது தள்ளி நின்றாவது பார்த்துவிட வேண்டும். ஆறு மாதம் கழித்துப் போவது, ஆடி கழிந்து விதை தேடுகிற கதை.

இன்னொரு வகை, ஹாஸ்டல். நாயை விட்டுவிட்டு வந்தால் மூன்று மாதத்தில் ‘முடித்து’த் தருவார்கள். நாமக்கல் பக்கம் ஹாஸ்டலில் பிள்ளையைப் போட்ட மாதிரிதான். மார்க் வரும், பிள்ளை நம்மோடு பேசாது. போலீஸ் மோப்ப நாய்க்குக்கூட அதைக் கையாளப்போகும் காவலரையும் சேர்த்தே பயிற்சிக்கு அனுப்புகிறார்கள். கயிற்றைப் பிடிப்பவருக்குத்தான் பாதிப் பாடம்.

டெல்டாவுக்கென்று தனிப் பாடத்திட்டமும் தேவை. பதினேழு சதவீத ஈரப்பதத்துக்குள் கொண்டுவந்தால்தான் கொள்முதல் நிலையத்தில் மூட்டை இறங்கும் என்று தார்ச் சாலையில் நெல்லைக் காயப்போட்டிருப்பார்கள். அதன் குறுக்கே நாய் ஓடினால் அதன் பரம்பரைக்கே திட்டு விழும், நமக்கும் சேர்த்து. அறுத்த வயலில் வாத்துக்கூட்டம் மேயும். அதைத் துரத்தாமல் வரப்பில் நிற்பது பட்டப்படிப்பு.

இந்தப் பட்டப்படிப்பை முடித்த நாயை நான் பார்த்திருக்கிறேன். வயலில் கிட்டி வைத்து எலி பிடிப்பவரோடு போகும் நாட்டு நாய் அது. நாலு வளையை மோந்துவிட்டு ஐந்தாவதில் நிற்கும். அவர் மண்வெட்டி போட, அது மறுவாயிலில் போய்க் காத்திருக்கும். சங்கிலி இல்லை, அதட்டல் இல்லை. பிடித்ததில் ஒன்று அதற்கு, அந்த இடத்திலேயே. வேலைக்குக் கூலி, கூலியும் உடனே. அமெரிக்காவில் இதற்குப் புத்தகம் போட்டு வகுப்பும் நடத்துகிறார்கள்.

ஆகவே ஐயா, தங்கள் பதவியை உருவாக்கியதும் ஒரத்தநாட்டில் 2012இல் தொடங்கிய கால்நடை மருத்துவக் கல்லூரியில் பயிற்சியாளர்களுக்கு ஒரு தேர்வு வைக்க வேண்டுகிறேன். வினாத்தாள் தயாரிக்க அந்த எலிக்காரரை அழைக்கலாம். அதுவரை என்னைப் போன்றவர்களுக்கு ஓர் உரிமையாவது எழுதிக் கொடுங்கள்: நாயை வீட்டில் விட்டுவிட்டு, ஒரு நாள் முழுக்க வகுப்பின் ஓரத்தில் உட்கார்ந்து பார்க்கும் உரிமை. “வெளியாட்கள் இருந்தால் நாய் கவனிக்காது” என்று கதவைச் சாத்துகிறவரின் அங்கீகார விண்ணப்பத்தை அங்கேயே நிராகரித்துவிடலாம்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
நாய் வளர்ப்போன் ஒருவன்,
தஞ்சை மாவட்டம்.

இணைப்பு: வெறிநோய்த் தடுப்பூசி அட்டை நகல் (நாயுடையது). எனக்குப் போட்ட ஊசிகளின் சீட்டு தனியே அனுப்பப்படும்.