ஒரு கிரவுண்டு கிருகஸ்தர்

தமிழில் ‘மனை’ என்ற சொல்லுக்குக் கட்டி முடித்த வீடு என்றும் பொருள். வீடு கட்டுவதற்காக வாங்கிப் போட்ட வெறும் நிலம் என்றும் பொருள். இவ்விரண்டுக்கும் இடையே ஏதோ பேதம் இருப்பதாக நம்மைப் போன்ற சாமானியர் மயங்கிக்கொண்டிருக்க, இரண்டும் ஒன்றே என்று அத்வைதமாகக் கண்டு தெளிந்த மகானுபாவர் ஒருவர் ராஜா அண்ணாமலைபுரத்தில் 1974ஆம் ஆண்டு முதல் குடியிருந்து வருகிறார். குடியிருக்கிறார் என்பதும் முழு உண்மையாகாது. அவருடைய தேகம் வாடகை கொடுத்து வசிப்பது பக்கத்து மந்தைவெளியில். ஆத்மா மட்டும், வளையல்களை விற்றும் பாங்கியில் கடன் பெற்றும் தமது முப்பதாவது வயதில் வாங்கிய, நாற்பதுக்கு அறுபது அடியான அந்த ஒரு கிரவுண்டில் ஐம்பது வருஷங்களாக வாசம் செய்கிறது. இத்தகையவர் பேட்டைக்கு ஒருவராவது உண்டு. தியாகராய நகரிலும் அடையாற்றிலும் எனக்குத் தெரிந்தே இருவர் இருக்கிறார்கள். ஆயினும் நம்மவருடைய பக்குவம் அவர்களுக்கு இன்னும் சித்திக்கவில்லை.

மாலை ஐந்து மணிக்கு, பிளான்களை அடக்கிய தகரக் குழாயைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு அவர் மனைக்கு வந்து, இரும்பு கேட்டின் பூட்டைத் திறப்பார். மதில் சுவரும் கேட்டும் ஒரு தென்னை மரமும் தவிர அங்கே நம் ஊனக் கண்ணுக்குப் புலப்படுவது ஏதுமில்லை. ஆனால் அவருடன் உள்ளே செல்லும் விருந்தாளி, அடி எடுத்து வைக்குமுன் யோசிக்க வேண்டும். “அங்கே நிற்காதேயும் ஓய், அது ஸ்நான அறை” என்பார். “குனிந்து வாரும், மாடிப்படி இடிக்கும்” என்பார். ஈசான்ய மூலையில் பூஜை அறை. அதன் எல்லையில் தாமும் செருப்பைக் கழற்றி நம்மையும் கழற்றச் செய்து, நெருஞ்சி முள்ளின்மீது நிறுத்தி வைப்பார். ஹாலிலிருந்து சமையலறைக்குச் செல்ல நான் நேர்வழியாக நாலு எட்டு வைத்தபோது, சுவருக்குள் புகுந்து வந்த பிசாசைப் பார்ப்பது போல் என்னைப் பார்த்துவிட்டு, திரும்ப அழைத்துப்போய் வாசற்படி வழியாக வரச் செய்தார்.

அறைகளின் அளவுகள் யாவும் மனையடி சாஸ்திரப்படி. கடைத்தெருவில் மலிவு விலைக்குக் கிடைக்கும் அந்தச் சிறு புத்தகத்தை அறிந்தவர்களுக்கு, ஏழடி தரித்திரம், பன்னிரண்டடி செல்வத்துக்குக் கேடு, பதினாறடி மிகுந்த ஐசுவரியம், பதினேழடி ராஜபோகம் என்பன போன்ற பலாபலன்கள் தெரிந்திருக்கும். எஞ்சினீயர்களோ, கட்டில் போட்டு மனிதன் சுற்றி நடக்கப் பதினான்குக்குப் பன்னிரண்டு சௌகரியம் என்று வாதிப்பவர்கள். பதினான்கு நஷ்டம், பன்னிரண்டு அதைவிட நஷ்டம் என்று கண்ட நம்மவர் பதினாறுக்குப் பதினொன்று என்று விதிக்க, படுக்கையறை ரயில் பெட்டியின் ரூபத்தை அடையும். எஞ்சினீயர் விடை பெற்றுக்கொள்வார். இவ்விதம் விடை பெற்றவர்கள் ஒன்பது பேர். பத்தாவதாக வந்த இளைஞர், முதலில் வந்தவருடைய பேரன்.

சாஸ்திரத்தைப் பரிகசிப்பவர்களுக்கு அவரிடம் ஒரு பிரத்தியட்சப் பிரமாணம் இருக்கிறது. உக்கிராண அறைக்கு அவர் குறித்த அளவு பத்தடி. பத்தடிக்குப் பலன் கால்நடை விருத்தி. ஒரு சித்திரை மாதத்தில் கேட்டைச் சாத்த மறந்து போக, மந்தைவெளி என்ற பெயரை இன்றும் மெய்ப்பித்துக்கொண்டு தெருவில் திரியும் மாடுகளில் ஒன்று உள்ளே புகுந்து, வேறெங்கும் படுக்காமல், சரியாக உக்கிராண அறையில் படுத்து அசை போட்டதாம். “வீடு கட்டுவதற்கு முன்பே பலன் தெரிந்துவிட்டது பாரும்!” என்று அவர் கூறியபோது என்னால் மறுமொழி சொல்ல இயலவில்லை.

பூமி பூஜை ஏன் இன்னும் நடக்கவில்லை என்று கேட்பவர்கள் வாஸ்து புருஷனுடைய தினசரியை அறியாதவர்கள். அப்புருஷன் வருஷத்தில் எட்டே மாதங்களில், மாதத்துக்கு ஒரு நாள், அதிலும் மூன்றே முக்கால் நாழிகை மட்டும் கண் விழிக்கிறார். அந்த ஒன்றரை மணி நேரத்தை ஐந்து சம பங்காக்கி, பதினெட்டு நிமிஷம் பல் துலக்கி, பதினெட்டு நிமிஷம் ஸ்நானம் செய்து, அடுத்த பதினெட்டில் பூஜை முடித்து, பின்னர் போஜனம் செய்து, கடைசியாகத் தாம்பூலம் தரித்துவிட்டு மறுபடி சயனித்துவிடுகிறார். போஜன தாம்பூல காலங்களாகிய முப்பத்தாறு நிமிஷமே கடைக்கால் தோண்ட உகந்தவை. ஆகவே வீடு கட்டத் தொடங்க ஒருவனுக்கு வருஷத்தில் கிடைப்பது 288 நிமிஷம். அதாவது ஐந்து மணி நேரத்துக்குப் பன்னிரண்டு நிமிஷம் குறைவு. இதில் ராகுகாலம், மனைவியின் ஜன்ம நட்சத்திரம், உறவினர் வீட்டுத் தீட்டு ஆகியவற்றைக் கழித்தால் மிஞ்சுவது சொற்பம். ஒரே ஒரு முறை, ஆவணியில், எல்லாம் கூடி வந்தது. புரோகிதர் வந்தார், செங்கல் வந்தது, வாஸ்து புருஷன் தாம்பூலம் தரிக்க ஆரம்பித்துவிட்டார். மேஸ்திரி வெற்றிலை வாங்கத் தெருமுனைக்குப் போனவர் பத்தொன்பதாவது நிமிஷத்தில் திரும்பி வந்தார்.

அரை நூற்றாண்டின் சரித்திரம் முழுவதும் அந்தத் தகரக் குழாயில் அடங்கியிருக்கிறது. ஆதி பிளான் நீலப் பிரதி. சிமெண்டுக்குப் பர்மிட் வாங்க வேண்டிய காலத்தது. 1982இல் சிமெண்டுக் கட்டுப்பாடு தளர்ந்தபோது, இனி எல்லோரும் கட்டத் தொடங்குவார்கள், கொத்தனார் கூலி ஏறிவிடும், சற்றுப் பொறுப்போம் என்று பொறுத்தார். 2015 டிசம்பரில் அடையாறு கரை புரண்டு வந்தபின் பேஸ்மட்டத்தை மூன்றடி உயர்த்தி வரைந்தார். அதனால் படிகள் கூடி, திண்ணை தேய்ந்து, திண்ணையற்ற வீடும் ஒரு வீடா என்று ஒரு வருஷம் கழிந்தது. பின்னர் கிரீன்வேஸ் சாலைப் பக்கம் பூமிக்கடியில் மெட்ரோ ரயிலுக்காகத் துளைத்தார்கள் அல்லவா? மண் அடங்கட்டும் என்கிறார்.

பேட்டைக்குப் பெயர் கொடுத்தவர் ராஜா சர் அண்ணாமலைச் செட்டியார். ஆகையால் சுவருக்குச் செட்டிநாட்டுப் பூச்சே முறை என்று ஒரு சமயம் நம்மவருக்குத் தோன்றியது. உடனே காரைக்குடிக்குப் பிரயாணம் செய்து, ஆத்தங்குடிக் கல்லில் நாலு மாதிரியும், கண்ணாடி போல் மின்னும் சுவர்ப்பூச்சின் சூத்திரமும் கொண்டு வந்தார். வீட்டு அம்மாள் அதுவரை எந்தப் பிளானுக்கும் ஆட்சேபம் சொன்னவரல்லர். நடக்காத காரியத்துக்கு ஆட்சேபம் எதற்கு என்ற விவேகி. ஆனால் சுண்ணாம்போடு கடுக்காய் நீரும் முட்டையின் வெண்கருவும் சேர வேண்டும் என்று அறிந்தபோது வாய் திறந்தார்: “முட்டை அடிச்ச சுவர்லே ஸ்வாமி படம் மாட்டணுமாக்கும்! நன்னா இருக்கு. கட்டினேள்னா நீங்களே போய் இருங்கோ, நான் மந்தைவெளியிலேயே இருந்துக்கறேன்.” இல்லாத சுவரின் பூச்சுக்காக அத்தம்பதிகள் இரண்டு மாதம் பேசிக்கொள்ளவில்லை.

இதற்கிடையில் அந்தத் தெருவிலிருந்த தனி வீடுகள் ஒவ்வொன்றாக இடிந்து அடுக்குமாடிகளாக எழும்பி, பட்டினப்பாக்கத்திலிருந்து வரும் கடற்காற்றை மறித்து நிற்கின்றன. மனையைக் கொடுத்தால் இரண்டு பிளாட்டும் ரொக்கமும் தருவதாகப் பில்டர்கள் வருகிறார்கள். அவர்களைத் தென்னை மர நிழலில் நாற்காலி போட்டு உட்கார வைத்து, அது ஹால் என்றும் காற்றோட்டம் பிரமாதமாக இருக்கிறதா இல்லையா என்றும் கேட்டு அனுப்பிவிடுவார். பிறத்தியார் போட்ட பிளானில் ஆயுள் முழுவதும் குடியிருக்கும் அண்டை அயலாரிடம் அவருக்கு அளவற்ற பரிதாபம்.

எந்த எதிரியாலும் அசைக்க முடியாத இந்தப் பெரியவரைக் கடைசியில் கலங்க அடித்தது அரசாங்கம். கார்ப்பரேஷன் அனுமதி எளிதில் கிடைக்காது என்பது ஐம்பது வருஷங்களாக அவருக்குக் கற்கோட்டையாக இருந்தது. 2024 ஜூலையில் சுய சான்று என்று ஒரு திட்டம் வந்தது: 2500 சதுர அடிக்கு மேற்படாத மனையில் 3500 சதுர அடி வரை வீடு கட்டுகிறவர், கணினி வழியே விண்ணப்பித்த மாத்திரத்தில் அனுமதி பெறலாம். செய்தியைக் கேட்ட நான், நல்ல சமாசாரம் கொண்டு போகிறோம் என்ற எண்ணத்தில் மூச்சு வாங்க மனைக்கு ஓடினேன். ஒரு கிரவுண்டு என்பது 2400 சதுர அடி என்று நான் சொல்லி முடிப்பதற்குள் அவர் முகம் வெளுத்துவிட்டது. ஹாலில் சென்று உட்கார்ந்தார். தண்ணீர் கேட்டார். அடுத்த நாலு நாள் மனைப் பக்கமே அவரைக் காணோம்.

ஐந்தாம் நாள் கேட்டு திறந்திருந்தது. தகரக் குழாயோடு, முப்பது வயதுத் தேஜஸோடு, வடவண்டை மதிலோரமாக அவர் நாடா பிடித்து அளந்துகொண்டிருந்தார்.

“வாரும் ஓய். வடக்கு வீட்டுக்காரரிடம் பேசிவிட்டேன். இரண்டடி அகலம், அறுபது அடி நீளம், விலைக்குக் கொடுக்கச் சம்மதம் என்கிறார். வடக்கு குபேர திக்கல்லவா, வளரட்டும். நாற்பத்திரண்டுக்கு அறுபது, மொத்தம் 2520 சதுர அடி ஆயிற்றா?” என்று சொல்லி, செருப்பைக் கழற்றாமல் பூஜை அறையைச் சுற்றிக்கொண்டு என்னிடம் வந்தார். “பிளானை மட்டும் கொஞ்சம் மாற்றிப் போட வேண்டியிருக்கும்.”