உள்ளே விரித்த குடை

அக்னி நட்சத்திரம் பிறந்ததும் எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் தோல் வைத்தியம் களைகட்டிவிடும். இந்த வருஷம் பெரியம்மா அனுப்பியது: தக்காளி தின்றால் வெயில் சுடாது.

புரளி என்று தள்ளவும் முடியவில்லை. 2001-இல் வெளியான ஜெர்மானிய ஆய்வில், தினம் 40 கிராம் தக்காளி விழுதை ஆலிவ் எண்ணெயோடு 10 வாரம் தின்றவர்களுக்குப் புற ஊதாக் கதிரால் தோல் சிவப்பது 40 சதவீதம் குறைவாக இருந்தது. சமைத்து எண்ணெய் சேர்த்தால்தான் தக்காளியின் சிவப்பு நிறமியான லைக்கோபீன் உடம்பில் நன்றாகச் சேருமாம். அட, நம்ம தொக்கு!

நல்லெண்ணெய் விளிம்பில் மினுமினுக்க, முறுக்கால் வழித்து வழித்துத் தின்றேன். குடையைப் பரணில் போட்டேன். பத்தாவது வாரம் முடிவதற்குள் ஆடிக் காற்றே வந்துவிடும் என்பதைத்தான் கணக்குப் பார்க்கவில்லை.

மீதி 60 சதவீதம் இப்போது மூக்கு நுனியில் உரிந்துகொண்டிருக்கிறது.