பாறை மேல ஏறுனா லெட்டர் வந்துருமா?

இந்தா தாயி, அந்தப் பாறையை விட்டுக் கீழ எறங்கு. காலையிலருந்து ஆறு தடவை ஏறிட்ட. சிக்னலு அங்கதான் கெடைக்கும்னு எனக்கும் தெரியும். ஆனா உன் பின்னாலயே ஆட்டுக்குட்டிகளும் ஏறிருதுக, எறக்குறது யாரு? நேத்து மேலவீட்டுக்காரன் கேக்குறான், "என்ன மாமா, பேத்திக்குப் பட்டாளத்துல மலையேத்தப் பயிற்சி ஆரம்பிச்சாச்சா?"ன்னு. ஆரம்பிச்சாச்சு மாப்ள, சம்பளம்தான் இன்னும் வரலைன்னேன்.

உக்காரு. கடுங்காப்பி ஆறுது.

ராணுவ நர்ஸ் பரீட்சை எழுதுன, பாஸாயிட்ட. டெல்லி வரைக்கும் ரயிலேறிப் போயி இன்டர்வியூ குடுத்த. மெடிக்கலும் முடிஞ்சுது. இனி மெரிட் லிஸ்ட்டு வரணும், பெறகு சேரச் சொல்லித் தாக்கல் வரணும். இன்ன தேதிக்கு வரும்னு யாராச்சும் உனக்குச் சொன்னாகளா? இல்லல்ல? முகூர்த்தமே குறிக்காத கல்யாணத்துக்கு மணவறையில உக்காந்துக்கிட்டு மாப்பிள்ளையைக் காணோம்னு அழுகுறவ இந்தப் பூம்பாறையிலயே நீ ஒருத்திதான்.

பட்டாளத்துக்கும் நம்ம மலைக்கும் பழைய கணக்கு ஒண்ணு இருக்கு, தெரியுமா? பேரிஜம் ஏரிக்கு அங்கிட்டு ஃபோர்ட் ஹாமில்டன்னு ஒரு எடம். 1860-கள்ல ஹாமில்டன்னு ஒரு மதராஸ் பட்டாளத்து அதிகாரி இந்த மலையெல்லாம் சுத்தி அலைஞ்சுட்டு, சிப்பாய்க தங்குறதுக்கு இதுதான்யா எடம்னு மேல எழுதிப் போட்டாரு. பேரு பெத்த பேரு, கோட்டை! போயிப் பாரு, கோட்டையும் கெடையாது, கொத்தளமும் கெடையாது. எழுதிப் போட்டவரு பட்டாளத்துக்காரரு, அவருக்கே அந்தக் கதி. நீ என்னமோ ரெண்டு மாசத்துக்கே மூக்கைச் சிந்துற.

நீ சேரப்போற ராணுவ நர்ஸ் படையே அப்பிடி மெதுவாத்தான் வளந்துச்சு. 1888 மார்ச் 28-ஆம் தேதி பத்து வெள்ளைக்கார நர்சம்மாக பம்பாயில கப்பலை விட்டு எறங்குனாக. அதுதான் தொடக்கம். நிரந்தரம்னு முத்திரை விழுந்தது 1926 அக்டோபர் 1. நடுவுல முப்பத்தெட்டு வருசம் ஓடிப்போச்சு. நம்ம மலைக் குறிஞ்சி அதுக்குள்ள மூணு தடவை பூத்து உதுந்துருக்கும்.

சரி, இதை விடு. ஒரு சங்கதி மட்டும் தாத்தன்கிட்ட மறைக்காம சொல்லு. லெட்டர் லேட்டாகுறதுல உனக்கு அம்புட்டும் வருத்தந்தானா? போன வாரம் வத்தலக்குண்டுலருந்து பொண்ணு பாக்க வர்றோம்னு சொன்னப்ப, "பட்டாளத்துல சேரப்போறேன், இப்பக் கல்யாணம் பேசக்கூடாது"ன்னு உங்க அப்பத்தா வாயை அடைச்சியே. அன்னைக்கு உன் மூஞ்சியில நான் வருத்தத்தைக் காணோமே! லெட்டர் வராத வரைக்கும் மாப்பிள்ளையும் வரமாட்டான். கெட்டிக்காரி.

ஆனா ஒண்ணு. கல்யாணத்தைப் பட்டாளத்து மேல பழி போட்டுத் தள்ளாத, அந்தக் காலம் போயிருச்சு. முன்னாடி நெசமாவே அப்பிடி ஒரு விதி இருந்துச்சு, 1977-ல போட்டது. ராணுவ நர்ஸா இருந்த ஒரு லெப்டினென்ட்டம்மா கல்யாணம் பண்ணிக்கிட்டாகன்னு 1988-ல வீட்டுக்கு அனுப்பிட்டாக. அந்தம்மா சும்மா விடலை. விதி 1995-லயே எடுபட்டுருச்சு, கேஸு மட்டும் நின்னு பேசுச்சு. கடைசியா சுப்ரீம் கோர்ட்டு, இப்பிடி அனுப்புனது தப்பு, அறுவது லட்சம் குடுன்னு தீர்ப்புச் சொன்னது 2024 பிப்ரவரி 14-ல. காதலர் தினமாமே அன்னைக்கு! சட்டத்துக்கும் குறும்பு இருக்கும்போல. காத்துக்கெடந்ததுன்னா அதைச் சொல்லணும்டி, முப்பத்தஞ்சு வருசத்துக்கு மேல.

இப்ப காகிதத்துக்கு வா. அந்தத் தகரப் பெட்டியை எடுத்தா. பத்தாவது மார்க் சீட்டுல உன் பேருக்கு முன்னால ஒத்தை எழுத்து. ஆதார்ல அதே எழுத்து பின்னால போயி உக்காந்துருக்கு. நர்சிங் கவுன்சில் சர்டிபிகேட்ல உங்கப்பன் பேரே முழுசா வந்து ஒட்டிக்கிச்சு. பேங்க் புக்குல எழுத்தும் இல்ல, அப்பனும் இல்ல. ஆக மொத்தம் நீ நாலு பேரு. நாலு பேத்துல யாருக்கு லெட்டர் அனுப்புறதுன்னு டெல்லிக்காரன் முழிக்க மாட்டானா? நமக்கு இனிஷியலு. அவுக ஊருல குடும்பப் பேரு. சர்நேம் என்னன்னு கேட்டா நீ அப்பன் பேரைச் சொல்லுவ, உன் தோழி ஊரு பேரைச் சொல்லுவா. லெட்டர் வந்த பெறகு தாலுகா ஆபீசுக்கும் நோட்டரிக்கும் ஓடாத, இந்தச் சும்மா கெடக்குற காலத்துலயே செய்யி. பத்தாவது சீட்டுல இருக்குறதுதான் தலைப்பேருன்னு வெச்சுக்கிட்டு மத்ததையெல்லாம் அதுக்கு இழுத்து வா. பேரையே மாத்தணும்னா அரசிதழ்ல போட்டுரு. கவுன்சில் பதிவு காலாவதி ஆகாம பாத்துக்க. போலீசு விசாரிக்க வந்தா வீட்டுல யாராச்சும் இருக்கணும். நான் இருப்பேன், நல்லபடியாத்தான் சொல்லுவேன். அதுக்கு எனக்குக் காசு ஒண்ணும் தர வேணாம்.

சந்தையில ஒருத்தன் வந்து, "டெல்லியில நமக்கு ஆள் இருக்கு, மூணு லட்சம் குடுத்தா நாளைக்கே ஆர்டரு"ன்னு சொன்னானாமே? அவன் மகன் என்ன பண்றான்னு கேட்டியா? அப்பனோட சேந்து சந்தையில சுத்துறான். அம்புட்டு ஆள் இருக்குறவன் சொந்த மகனைச் சேத்துருக்க மாட்டானா?

கேட்டுத்தான் ஆகணும்னா கேக்குறதுக்கு வழி இருக்கு. 2005-ல வந்த தகவல் அறியும் சட்டம். பத்து ரூவா கட்டி, உன் பேரும் நம்பரும் எழுதி, என் காகிதம் எந்தப் படியில நிக்குதுன்னு மட்டும் கேளு. முப்பது நாளுக்குள்ள பதில் சொல்லணும். உங்கப்பன் பஞ்சாயத்துக்கு எழுதுற மாதிரி நாலு பக்கம் ஏசி எழுதிறாத.

இனிமே சொல்றதுல கேலி இல்ல. 2020, 21-ல ராணுவ ஆளெடுப்புல ஓடிக் காமிச்சு, மெடிக்கலும் முடிச்சுட்டு, எழுத்துப் பரீட்சைக்குன்னு உக்காந்திருந்த பயலுக எத்தனை பேரு! நர்சிங் அசிஸ்டென்ட் வேலைக்கு நின்ன பசங்களும் அதுல உண்டு. கொரோனான்னாக, பரீட்சையைத் தள்ளுனாக, திரும்பவும் தள்ளுனாக. 2022 ஜூன் 14-ல அக்னிபத்னு புதுசா ஒண்ணு வந்து, பழைய ஆளெடுப்பே இல்லைன்னு ஆயிருச்சு. அந்த ஒரு வருசத்துக்கு மட்டும் வயசு வரம்பை இருபத்தொண்ணுலருந்து இருபத்துமூணாக்குனாக. அதையும் தாண்டிட்டவன் என்ன செய்வான்? காத்திருந்ததுல தப்பில்ல தாயி. வேற ஒண்ணுமே செய்யாம காத்திருந்தான் பாரு, அவனுக்குத்தான் ரெண்டு வருசமும் சேந்து போச்சு. உனக்கு இருபத்தி நாலு. போன தடவை நர்ஸ் வேலைக்கு அவுக கேட்ட வயசு இருபத்தொண்ணுலருந்து முப்பத்தஞ்சு. உனக்குக் காலம் கெடக்கு, அதனாலதான் கேலி பேசுறேன். இல்லாட்டி நானும் உன்கூடப் பாறையில உக்காந்திருப்பேன்.

நீ செஞ்ச பெரிய கூத்து என்னன்னா, டெல்லியிலருந்து வந்த கையோட இருந்த ஆஸ்பத்திரி வேலையையும் விட்டது. "லெப்டினென்ட் ஆகப்போறவ நைட் டூட்டி பாக்குறதா?"ன்னு கேட்டியாமே! அடியே, லெப்டினென்ட்டுக்கு நைட் டூட்டி கெடையாதுன்னு உனக்கு யாரு சொன்னது? தோள்ல ரெண்டு நட்சத்திரம் வெச்சுட்டா நோயாளி ராத்திரியில தூங்கிருவானா?

பரண்ல பாரு, வெதைப்பூண்டு கொத்துக் கொத்தாத் தொங்குது. மத்ததெல்லாம் வடுகபட்டிச் சந்தைக்குப் போயிருச்சு, இது மட்டும் நம்ம அடுப்புப் புகையைக் குடிச்சுக்கிட்டுக் கெடக்கு. புகை படாம மூலையில குமிச்சு வெச்சோம்னா அழுகிரும். உன்னைப் பூண்டுங்கிறேன்னு மொறைக்காத, இந்த ஊர்ல அதுக்கு மேல மரியாதை கெடையாது. ஊசி போடுற கை ஆறு மாசம் சும்மா இருந்தா நரம்பு தேடும். பழைய எடத்துலயே கேளு, ஆள் பத்தலைன்னுதான் பேச்சு. தமிழ்நாட்டு அரசு நர்ஸ் பரீட்சை வந்தா அதையும் எழுதிப் போடு. கெடைச்சா ரெண்டுல எதுன்னு நீ பிகு பண்ணலாம். இப்ப பிகு பண்ற எடத்துல அவுகதானே இருக்காக?

காலையில மொதல் பஸ்ஸுக்குக் கெளம்பு. போனை வேணும்னா என்கிட்ட விட்டுட்டுப் போ. மெயிலு எப்பிடித் தொறக்குறதுன்னு மட்டும் சொல்லிக் குடு.

எதுக்குச் சிரிக்கிற? நேத்து ராத்திரி பாறை மேல டார்ச் லைட்டு ஆடுச்சேன்னா? அது காட்டுமாடு வந்துச்சு புள்ள, வெரட்டப் போனேன்.

காட்டுமாடு வெரட்டுறவன் கையில உங்கப்பன் செல்லு எதுக்குன்னு கேக்குறியா? காப்பியைக் குடி மொதல்ல, ஆறிப்போச்சு.