வாய்கட்டிப் பூசை செய்யிற ஊரில ஒரு கத்துற கார்

வா மனே, இரு. நீ வாறாய் எண்டு எனக்கு நீ வெல்லாவெளியில திரும்பேக்கையே தெரியும். எனக்கு மட்டுமில்ல, கட்டையில கட்டின மாட்டுக்கும் தெரிஞ்சு அது கயித்த அறுத்துக்கொண்டு போயிட்டுது. மண்டூர் கந்தசாமி கோயில்ல கப்புகனார் வாயைச் சீலையால கட்டிக்கொண்டு பூசை செய்யிறார். மந்திரமே வெளியில கேக்காத சந்நிதி. அந்த ஊரில பிறந்த நீ காரில இருந்த சைலன்சரைக் கழற்றி எறிஞ்சுபோட்டு வந்திருக்காய். நல்ல பக்தி.

சரி, இதுதானா அந்த ரலிக் கார்? மொரிஸ் மைனர். 1948இல இங்கிலாந்தில வெளிவந்த சாதி. நீ வாங்கினது 1098 சிசி எஞ்சின் எண்டா 1962இலயோ அதுக்குப் பிறகோ வந்தது. புதுசில 48 குதிரைச் சக்தி. இப்ப எத்தனை குதிரை உயிரோட நிக்குது எண்டு மூடியைத் திறந்து எண்ணிப் பார்த்தியா? இல்ல. ஒட்டுப்படம் ஒட்டத்தான் நேரம் இருந்திருக்கு. பின்னால ஒரு செட்டையும் வச்சிருக்காய். பறக்கிற யோசனையாக்கும்.

கோவிக்காத. இந்தப் பைத்தியம் நம்மட நாட்டுக்குப் புதுசில்ல. நுவரெலியாவில மகாகஸ்தொட்ட மலையேற்ற ஓட்டம் 1934இலயே தொடங்கிட்டுது. பழைய காரில ஓடுறதிலயும் வெக்கமில்ல. கென்யாவில ஜோகிந்தர் சிங் எண்டு ஒரு சீக்கியர் இருந்தார். கார் திருத்திற கைதான் அவருக்கும். 1965இல கிழக்கு ஆபிரிக்க சஃபாரி ரலியில அவரும் தம்பி ஜஸ்வந்தும் ஓடினது, கொம்பனி முதலே ஓட்டிக் களைச்ச ஒரு வொல்வோ பிவி 544. அதிலதான் முதலாவதா வந்தாங்கள். மறுகா 1974இலயும் 1976இலயும் மிற்சுபிசி லான்சரில வெண்டார். அந்த ரலி எப்பிடிப்பட்டது தெரியுமா? 1963இல 84 கார் புறப்பட்டு முடிவுக்கு வந்து சேர்ந்தது 7. மிச்சம் 77க்கும் எஞ்சின் இல்லாமலா போச்சு? சேத்தில புதைஞ்சதும் சில்லு கழண்டதும் அச்சு முறிஞ்சதும்தான். ஓடத் தெரிஞ்ச கார் எல்லாம் அங்க நிறைய. வந்து சேரத் தெரிஞ்சதுதான் குறைவு.

நீ என்ன செய்திருக்காய்? எஞ்சினுக்குப் பெரிய காபரேற்றர் போட்டிருக்காய். பிறேக்கை மட்டும் தாத்தா காலத்தில இருந்தபடியே விட்டிருக்காய். என்னில அவ்வளவு மரியாதையா மனே? இந்தக் காரில பிறேக் மாஸ்ரர் சிலிண்டர் கால்மாட்டில, தரைக்குக் கீழ சட்டத்துக்குள்ள ஒளிஞ்சு கிடக்கு. சேறும் தண்ணியும் முதல்ல போய்ச் சேருற இடமும் அதுதான். அதைக் கழற்றிப் பார். வயித்துக்குக் கீழால போற பிறேக் குழாயையும் பெற்றோல் குழாயையும் உள்பக்கத்தால கொண்டுபோ. ஒரு கல்லுக்குத் தெரியாது நீ பந்தயக்காரன் எண்டு.

அடுத்தது முன்சில்லு. அதைத் தாங்கிற கிங்பின்னுக்கு அடியில மரை வெட்டின மூட்டு இருக்கு. கிறீஸ் காணாட்டி மரை தேயும். தேஞ்சா ஒரு நாள் சில்லு மாடு படுக்கிற மாதிரி மடிஞ்சு படுத்திடும். வண்டில்காரன் எத்தனை மணிமாலை கட்டினாலும் புறப்பட முதல் அச்சாணியைத் தட்டிப் பார்ப்பான். நீ தட்டிப் பார்த்தது ஹோணை.

மறுகாதான் உடம்பு. கொம்பனிக்காரன் தகரத்தோட தகரத்தை இடைக்கிடை பொட்டு வச்சுத்தான் ஒட்டியிருக்கான். கிறவல் றோட்டில குலுங்கினா அந்தப் பொட்டு விடும். அதால ரலிக்காரர் பொருத்து நெடுக வெல்டிங் வச்சுத் தைக்கிறது. ஆனா முதல்ல துருவைச் சுரண்டு. வாவிக்காத்துக் குடிச்ச தகரம் இது. துருவுக்கு மேல வெல்டிங் வைக்கிறது புழுத்த பல்லுக்குத் தங்கம் கட்டுற மாதிரி. உள்ளுக்குக் கட்டுற இரும்புக் கூட்டையும் வெறுந் தகரத்தில நேர ஊண்டாத. கவிழ்ந்தா கூட்டுட கால் தகரத்தைக் குத்திக்கொண்டு போயிடும். அடியில அகலத் தகடு வை.

இன்னொண்டு. கண்ட கண்ட இடமெல்லாம் இரும்பு அடிக்காத. வயல்ல ஒரு வரம்பை மட்டும் உயர்த்திக் கட்டினா வெள்ளம் என்ன செய்யும்? பக்கத்து வரம்பை உடைக்கும். காரிலயும் ஒரு மூலையை உருக்காக்கினா முறிவு அடுத்த மூலைக்குக் குடிபோகும். எல்லா மூலையையும் உருக்காக்கினா, 48 குதிரையும் சேர்ந்து ஒரு இரும்புக் கடையை இழுக்க வேண்டி வரும்.

எஞ்சினுக்குக் கீழ ஒரு கனத்த தகடு மட்டும் கட்டாயம். இல்லாட்டி ஒரு கல்லு எண்ணெய்ச் சட்டியில ஓட்டை போட்டா, பத்து நிமிசத்தில உன்ட பெரிய காபரேற்றர் பாத்திரக்கடைக்குத்தான். சோதிக்கத் தூரம் போகத் தேவையில்ல. குருமண்வெளியில வாவி கடக்கிற பாதையில ஏத்தி இறக்கு. வயிறு கீறிச்சுதா எண்டு காதே சொல்லும். ஆனா அதைக் கேக்கச் சைலன்சர் வேணும்.

சிரிச்சது காணும். இப்ப நான் சிரிக்காமச் சொல்லுறன். 2024 ஏப்பிரல் 21, தியத்தலாவை ஃபொக்ஸ்ஹில் ஓட்டத்தில ஒரு கார் தடத்தை விட்டு விலகிச் சனத்துக்குள்ள போனது. 7 பேர் செத்துப்போனாங்கள். அதில ஒரு சின்னப் பிள்ளையும். உன்ட கழுத்து முறிஞ்சா அது உன்ட கணக்கு, உன்ட அம்மாட கணக்கு. வேடிக்கை பார்க்க வந்தவன் கணக்கில எழுதப்படாது. ஊர் றோட்டில இந்தக் காரை முறுக்காத. பிறேக், சில்லு, உடம்பு, கடைசியாத்தான் எஞ்சின். இந்த ஒழுங்கை மாத்தினாய் எண்டா நானே வந்து நாலு டயரிலயும் காத்தைத் திறந்துவிடுவன்.

நீ ஓடப்போறது நேரமும் தூரமும் பார்க்கிற ரலி எண்டாய். பிந்தினாலும் தண்டம், முந்தினாலும் தண்டமாம். எனக்கு அது பிடிச்சிருக்கு. எழுபது வருசமா நான் ஓடுற வேகம் அதுதான். பக்கத்தில இருந்து கடதாசி பார்த்து வழி சொல்ல ஒராளும் வேணுமாமே? வேற ஆரையும் தேடாத. எனக்கு இந்தப் படுவான்கரையில எல்லாக் கிறவல் றோட்டும் தெரியும், கண்ணாடியும் போன மாதம்தான் மாத்தினது.

ஆனா நான் சொல்லுறது உனக்குக் கேக்க வேணும். அந்தச் சைலன்சரை எங்க எறிஞ்சாய்? போய் எடுத்துக்கொண்டு வா.