பெயர் சூட்டும் படலம்

கார்பாத்திய மலைப்பகுதி ருசின் மக்களுக்குப் பெயர் வைக்க ஆளாளுக்கு முண்டியடித்தார்கள். வியன்னா அரசாங்கம் ‘ருத்தேனியர்’ என்று எழுதிக்கொண்டது. 1945-க்குப் பின் சோவியத் அதிகாரிகள், ‘இனி நீங்கள் உக்ரைனியர்’ என்று ஒரே வரியில் விவகாரத்தை முடித்தார்கள். போலந்து பெயரோடு நிற்கவில்லை. 1947-இல் ‘விஸ்துலா நடவடிக்கை’ என்று சொல்லி, அங்கிருந்த ருசின் பிரிவினரான லெம்கோக்களைக் குடும்பத்தோடு பெயர்த்து மேற்கே அனுப்பியது.

இன்றைக்கும் எல்லைக்கு எல்லை நியாயம் வேறு. ஸ்லோவாக்கியாவில் அவர்கள் தனி இனம்; 1995-இல் மொழிக்கு எழுத்து நெறியும் வகுத்தாயிற்று. செர்பியாவின் வோய்வோதினாவில் அலுவல் மொழிகளில் ருசினும் ஒன்று. அப்படியே உக்ரைனுக்குள் நுழைந்தால், ‘தனி இனமா? எங்கள் இனத்தின் உட்பிரிவுதானே!’ என்கிறது கீவ். சுங்கச்சாவடியில் பெட்டியைத்தான் சோதிக்கிறார்கள். இனம் தானாகவே மாறிவிடுகிறது.

ஓவியர் ஆண்டி வார்ஹோலின் பெற்றோர் மிகோவா என்ற ருசின் கிராமத்தவர்கள். பக்கத்து ஊரான மெட்சிலாபோர்ட்சேயில் அவருக்கு அருங்காட்சியகமே உண்டு. புகழ் வந்தால் சொந்தம் கொண்டாட ஆளுக்கா பஞ்சம்? புகழில்லாத ருசினுக்கு வேண்டியதெல்லாம் ஒன்றுதான்: கணக்கெடுக்க வருகிறவர், அவர் சொல்கிற பதிலை அப்படியே எழுதிக்கொள்ள வேண்டும்.